வெளிப்பக்கம் தாழ் போடும் கதவு

அந்த வீட்டுச் சுவரில் முதல் குத்து குத்தியது நான்தான். மேஸ்திரி எட்டு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். நான் ஆறரைக்கே கடப்பாரையை எடுத்துவிட்டேன். கூடத்தின் நடுவில் என் அண்ணன் மல்லாட்டைக் கடலை மூட்டை அடுக்குவதற்காக ஒற்றைச் செங்கலில் ஒரு தடுப்பு எழுப்பியிருந்தான். என் வீட்டில், என்னைக் கேட்காமல். அதை இடித்துத் தள்ள எனக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. செங்கல் காலில் விழுந்து நகம் பெயர்ந்தது. மேஸ்திரி வந்தபோது நான் செங்கல் குவியலின் மேல் உட்கார்ந்து காலில் துணி கட்டிக்கொண்டிருந்தேன்.

"இன்னாக்கா, எங்களுக்கு ஒண்ணும் மிச்சம் வெக்க மாட்ட போல?" என்றார்.

என் இடது கையில் கடைசி இரண்டு விரல்கள் மடங்காது. அந்தக் கையோடு கடப்பாரை பிடிப்பது கஷ்டம். அந்த விரல்களை என் புருஷன் கதவிடுக்கில் வைத்துக் கதவைச் சாத்தி உடைத்தான். ஒரு தடவை சாத்தியதும் ஒரு விரல்தான் போயிற்று என்று பார்த்து, மறுபடி சாத்தினான். ஆஸ்பத்திரியில் கேட்டபோது, கிணற்றுப் படியில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று சொன்னான். என் அண்ணனிடமும் அதையே சொன்னான். அண்ணன் நம்பினான். நம்புவது அவனுக்கு வசதியாக இருந்தது.

எண்பத்தொன்பதில் கல்யாணம். கீழ்பென்னாத்தூரில் அவனுக்கு மல்லாட்டை வியாபாரம். கையில் கிடைத்ததை எடுத்து அடிப்பான். எடைக்கல், மூட்டை தைக்கும் ஊசி, ஈரச் சாக்கு. ஈரச் சாக்கால் அடித்தால் தழும்பு தெரியாது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. ஒன்பது வருஷம் இருந்தேன். அப்பா சாகும்போது செங்கம் ரோட்டுப் பக்கம் சந்துக்குள் இருந்த தன் பழைய வீட்டை என் பேருக்கு எழுதி வைத்துவிட்டுப் போனார். அதை விற்கச் சொல்லி அவன் அடிக்க ஆரம்பித்தான். கையெழுத்துப் போடுகிற கை வலது கை என்பதால் அதை மட்டும் விட்டுவைத்தான். ஒரு நாள் மத்தியானம் அவன் தூங்கும்போது கிளம்பி பஸ் ஏறிவிட்டேன்.

அண்ணன் என்னை உட்காரவைத்துப் பேசினான். பக்கத்தில் அண்ணி.

"பொம்பள தனியா வீடு வெச்சிகினு இருந்தா நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க. சோத்துக்கு இன்னா பண்ணுவ?"

"ஆசிரமத்துப் பக்கம் லாட்ஜுல ரூம் கூட்டப் போறேன். வீட்ட வெள்ளைக்காரங்களுக்கு வாடகைக்கு வுடப் போறேன். நான் பின்னாடி சமையக்கட்டுல இருந்துக்கிறேன்."

"இந்த இடிஞ்ச வீட்டையா?" என்று அண்ணி சிரித்தாள்.

அண்ணன் கெடு வைத்தான். கார்த்திகை தீபத்துக்குள் யாராவது குடி வந்துவிட்டால் நான் இருந்துகொள்ளலாம். வரவில்லை என்றால் அவனே என்னைக் கீழ்பென்னாத்தூரில் கொண்டுபோய் விட்டுவிடுவான். வீட்டையும் விற்றுவிட வேண்டியதுதான். எனக்கு நான்கு மாதம் இருந்தது.

லாட்ஜில் ஒரு வெள்ளைக்காரம்மா வருஷா வருஷம் வந்து தங்குவாள். ஐம்பது வயது இருக்கும். உடைந்த தமிழ் பேசுவாள். வருஷம் முழுக்கத் தங்க வீடு தேடிக்கொண்டிருந்தாள். நான் கேட்டபோது விரல் விட்டு எண்ணிச் சொன்னாள்.

"புதுசு வேணாம். பழைய வீடு. பழைய கதவு. பழைய கட்டில். பிளாஸ்டிக் நோ. டைல்ஸ் நோ."

எங்கள் ஆட்கள் தூக்கி எறிகிற சாமான்தான் அவளுக்கு வேண்டும். எனக்கு அது நல்ல செய்தி. அந்த வருஷங்களில் எல்லா வீட்டிலும் மர அலமாரியைத் தூக்கிப்போட்டுவிட்டு இரும்பு பீரோ வாங்கிக்கொண்டிருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலி என்றால் மரியாதை. நான் நான்கு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கி வேனில் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போனேன். ஒரு வீட்டில் ஒரு நாற்காலி கொடுத்துவிட்டுத் தேக்குச் சாய்வு நாற்காலி எடுத்துக்கொண்டேன். அந்த வீட்டுக்காரி என்னைப் பைத்தியம் என்று நினைத்தாள். நான் வேன் ஏறுவதற்குள் உள்ளே ஓடிப்போய் ஒரு உடைந்த பீங்கான் ஜாடியையும் கொண்டுவந்து, "இதையும் எடுத்துக்கோ, கொசு அடையுது" என்றாள். ஜாடி உடையவில்லை. மூடிதான் இல்லை. இப்படி ஒரு வட்ட மேசை, கால் கடைந்த கட்டில், ஆள் உயர நிலைக்கண்ணாடி, ஒரு கண்ணாடி அலமாரி, எனாமல் தட்டுகள், ஒரு ஊஞ்சல் பலகை எல்லாம் சேர்ந்தன. எல்லாவற்றின் மேலும் பச்சை பெயிண்ட். பொங்கலுக்குப் பொங்கல் ஒரு கோட்டு அடித்து, பத்து இருபது கோட்டு ஏறியிருக்கும். காஸ்டிக் சோடாவைக் கரைத்துப் பூசி, பாட்டில் சில்லால் சுரண்டினேன். கை வெந்து தோல் உரிந்தது. உரிந்த தோலின் மேலேயே உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். உள்ளே இருந்து தேக்கு வெளியே வரும்போது எனக்கு ஒரு வெறி வந்தது. சாப்பிடாமல் தேய்த்தேன்.

எல்லாம் கிடைத்துவிட்டது, வாசல் கதவு மட்டும் இல்லை. இருந்த கதவு தகர டப்பா மாதிரி. என் புருஷன் இரண்டு தடவை வந்து அதை உதைத்துத் திறந்திருக்கிறான். பின்கதவு வழியாக ஒரு தடவை வந்தான். பின்கதவை நான் செங்கல் வைத்து அடைத்துவிட்டேன். வாசலை அடைக்க முடியாதே.

பழைய மரக்கடை பாய், இடித்த வீடுகளின் உத்திரம், தூண், ஜன்னல் எல்லாம் வாங்கி விற்பவர். அவர் கடையின் கோடியில் சுவரில் சாய்ந்து ஒரு இரட்டைக் கதவு நிலையோடு நின்றது. நான்கு விரல் கனம். ஒரு பக்கம் முழுக்கப் பூவேலை, இரண்டு கிளிகள். மறுபக்கம் மொட்டையாக, நிலையின் இரண்டு கால்களிலும் கை மொத்தத்துக்கு இரும்புக் கொக்கிகள். அந்தக் கொக்கிகளில் குறுக்கே போடுவதற்கு ஒரு வேங்கைக் கட்டை.

"யாரும் வாங்க மாட்றாங்கம்மா. வெயிட்டு ஜாஸ்தி. விறகுக்கு அறுக்கலாம்னா ரம்பம் பல்லு போவுது."

"கடப்பாரையில குத்தினா தாங்குமா பாய்?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார்.

"யாரு குத்தப் போறாங்க?"

"என் புருஷன்."

"அப்ப எடுத்துட்டுப் போ. அறுக்கிற கூலி எனக்கு மிச்சம்."

சும்மா வாங்கிக்கொள்ள எனக்கு மனசில்லை. என் கல்யாணத்துக்கு அப்பா வாங்கி, கொண்டுபோகாமல் இந்த வீட்டிலேயே நின்றுவிட்ட இரும்பு பீரோவை அவர் மகள் கல்யாணத்துக்குக் கொடுத்துவிட்டேன்.

வாசல் நிலை வைப்பதென்றால் சும்மா தூக்கி நிறுத்த முடியாது. நல்ல நேரம் பார்க்க வேண்டும். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மாவிலை கட்டி, தேங்காய் உடைக்க வேண்டும். மஞ்சள் பூச சுமங்கலிப் பெண்கள் வேண்டும். அண்ணி வந்தாள், தெருவிலிருந்து இன்னும் நான்கு பேர். ஒன்பதுக்கு ராகு காலம் ஆரம்பம். எட்டே முக்காலுக்கு நிலையைப் படுக்கப் போட்டு, நான் மஞ்சள் கிண்ணத்தை எடுத்துக் குனிந்தேன்.

அண்ணி கிண்ணத்தைப் பிடுங்கினாள்.

"நீ தள்ளி நில்லு. புருஷன வுட்டுட்டு வந்தவ கை பட்டா வீடு வெளங்குமா?"

"என் வீடு. என் நிலை. என் புருஷன் குண்டுக்கல்லு மாதிரி உயிரோடதான் இருக்கான். நான் பூசுவேன்."

"வெக்கமா இல்ல?"

அவள் கையிலிருந்த கிண்ணத்தைக் கீழிருந்து தட்டிவிட்டேன். மஞ்சள் முழுக்க அவள் முகத்தில். அவள் என் முடியைப் பிடித்தாள். நான் அவள் தோளைக் கடித்தேன். நான்கு பெண்களும் கத்துகிறார்கள். மேஸ்திரி இன்னொரு பக்கம், "நேரம் போவுது, நேரம் போவுது, தூக்குடா டேய்!" என்று ஆட்களை விரட்டுகிறார். நான்கு ஆட்கள் நிலையைத் தூக்கிக் குழியில் நிறுத்தி, தூக்குக் குண்டு விட்டு, கல் கொடுத்து, சிமெண்ட் கொட்டிவிட்டார்கள். சரியாக ஒன்பதுக்கு ஒரு நிமிஷம் முன்னால் தேங்காய் உடைந்தது. இரண்டு பாதியும் சமமாக உடைந்தது என்று எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். நான் மூக்கில் வந்த ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு நிலையைப் பார்த்தேன். கொக்கிகள் இரண்டும் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தன.

திருப்பி வைத்துவிட்டார்கள். பூவேலை வீட்டுக்குள்ளே. மொட்டைப் பக்கமும் கொக்கியும் வெளியே.

"புடுங்கித் திருப்பி வையுங்க" என்றேன்.

மேஸ்திரி முகம் செத்துப்போயிற்று. "பூச போட்டு வச்ச நிலைய புடுங்கக் கூடாதுக்கா. குடும்பத்துக்கே ஆவாது. நான் கை வெக்க மாட்டேன். வேற எந்த மேஸ்திரியக் கூப்பிட்டாலும் வெக்க மாட்டான்."

சிமெண்ட் குழைத்த ஆள் ஒருவன் சிரித்தான். "நல்லதுதான். வூட்டுக்காரம்மாவ உள்ள போட்டு வெளியிலேர்ந்து பூட்டலாம். ஜெயிலு மாதிரி."

கையிலிருந்த தேங்காய் மூடியை அவன் மேல் எறிந்தேன். காதில் பட்டது.

அதற்குப் பிறகு ஒரு மாதம் அந்தத் தெருவே என் கதவைப் பார்த்துச் சிரித்தது. கதவு வெளிப்பக்கமாகத் திறந்து, போகிற மாட்டை இடித்தது. ஆட்டோக்காரர்கள், "சட்டைய உள்வெளியா போட்ட வீடு" என்று அடையாளம் சொன்னார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவனை வெளியே நிறுத்துவதற்காக வாங்கிய கதவு அது. உள்ளே போட ஒரு சின்னத் தாழ்ப்பாள்தான் வைக்க முடிந்தது. நல்லா இரண்டு இழுப்பு இழுத்தால் பிய்ந்து வரும். வேங்கைக் கட்டையை வெளியே வாசல் ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டேன். போகிறவர்கள் அதில் வெற்றிலைச் சுண்ணாம்பு தடவினார்கள்.

ஆனாலும் வீடு முடிந்தது. சிவப்பு ஆக்சைடு தரையைத் தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்து முகம் தெரிகிற மாதிரி ஆக்கினேன். சுவருக்குச் சுண்ணாம்பு. ஜன்னல் கம்பிகளைக் கறுப்பாக்கினேன். வெள்ளைக்காரம்மா திங்கட்கிழமை வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தாள். தீபத்துக்கு ஐந்து நாள் இருந்தது. ஊரில் பஸ் கூட்டம் ஆரம்பித்துவிட்டது.

சனிக்கிழமை மத்தியானம் நான் கூடத்தில் ஈரத்துணியால் தரை துடைத்துக்கொண்டிருந்தேன். காயட்டும் என்று கதவைத் திறந்து வைத்திருந்தேன். அது என் தப்பு. அவன் செருப்போடு நடந்து வந்தான்.

சுற்றிப் பார்த்தான். சாய்வு நாற்காலியைக் காலால் தள்ளினான்.

"இன்னாடி இது? செத்தவன் வீட்டு சாமானெல்லாம் பொறுக்கியாந்து அடுக்கி வெச்சிருக்க? இதுக்காடி வீட்ட விக்க மாட்டன்னு சொல்ற?"

"வெளிய போ."

அறைந்தான். நான் திருப்பி ஈரத்துணியால் அவன் முகத்தில் அடித்தேன். ஈரச் சாக்கடி எப்படி இருக்கும் என்று அவனுக்கும் கொஞ்சம் தெரியட்டும். அவன் என் கொண்டையைப் பிடித்துக் கண்ணாடி அலமாரியில் மோதினான். ஒரு தடவை, இரண்டு தடவை. கண்ணாடி விரிசல் விட்டது. என் புருவம் கிழிந்து ஒரு கண் ரத்தத்தில் மூடிக்கொண்டது. பத்திரம் எங்கே என்று கேட்டான். உள் அறைப் பெட்டியில் என்று சொன்னேன். பொய். பத்திரம் லாட்ஜில் இருந்தது. அவன் என்னை விட்டுவிட்டு உள் அறைக்கு ஓடினான்.

நான் வெளியே ஓடினேன். யாரையாவது கூப்பிடத்தான் ஓடினேன். படி இறங்கும்போது வேங்கைக் கட்டை தோளில் இடித்தது. அப்போதுதான் எனக்கு அந்தக் கொக்கிகள் கண்ணில் பட்டன. இரண்டு கதவையும் தள்ளிச் சாத்தினேன். இரண்டு ஆண்கள் தூக்குகிற கட்டையை நான் ஒருத்தி தூக்கினேன். மடங்காத விரல்கள் மடங்கின மாதிரி இருந்தது. கொக்கியில் விழுந்த சத்தம் சந்துக் கோடி வரை கேட்டிருக்கும்.

கொஞ்ச நேரம் கழித்து அவன் வந்து கதவைத் தள்ளினான். பிறகு உதைத்தான். பிறகு தோளால் மோதினான். கதவு அசையவில்லை.

"தொறடி!"

நான் படியில் உட்கார்ந்தேன்.

அவன் உடைக்க ஆரம்பித்தான். ஒவ்வொரு சாமானையும் நான் சத்தத்தை வைத்தே தெரிந்துகொண்டேன். முதலில் நிலைக்கண்ணாடி. அது உடைந்து தரையில் கொட்டி முடிக்க நேரம் ஆயிற்று. பிறகு பீங்கான் ஜாடி, ஒரே சத்தம். எனாமல் தட்டு ஒன்று ஜன்னல் கம்பி இடுக்கில் பறந்து வந்து எதிர்வீட்டுச் சுவரில் பட்டது. பிறகு சாய்வு நாற்காலியின் கால் முறிகிற சத்தம். அந்தக் காலை நான் மூன்று நாள் தேய்த்தேன். நாற்காலிக் காலால் கதவை அடித்தான். அடித்து அடித்துப் பார்த்தான்.

தெருவே கூடிவிட்டது. "என்னா இருந்தாலும் புருஷன், தொறந்து வுடும்மா" என்று ஒரு ஆள் சொன்னான். என் மூடிய கண்ணையும் ரத்தத்தையும் அவன் பார்க்காத மாதிரி பேசினான். "நீ உள்ள போறியா? தொறக்கறேன்" என்றேன். பின்னால் நகர்ந்துவிட்டான்.

யாரோ சொல்லி அண்ணன் வந்தான். நேராகப் படியேறி வந்து கட்டையின் மேல் கை வைத்தான்.

"மானத்த வாங்காத. எழுந்திரு. அவரு தெரியாம கைய நீட்டிட்டாரு, உள்ள போய்ப் பேசிக்கலாம்."

உள்ளே இருந்தவனுக்கு வெளியே யார் நிற்கிறார்கள் என்று தெரியாது. நான் தனியாக உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைத்திருக்கிறான். கதவில் வாயை வைத்து, எங்கள் வீட்டில் பேசுகிற குரலிலேயே பேசினான்.

"அன்னிக்கு ரெண்டு வெரலுதாண்டி கதவுல வெச்சி ஒடச்சேன். பாவம்னு வுட்டேன். நீ தொற, மிச்ச எட்டையும் இந்தக் கதவுலயே வெச்சி ஒடைக்கிறேன். அன்னிக்கி மாதிரியே உங்கண்ணங்கிட்ட கிணத்துல வுழுந்தான்னு சொல்றேன். அந்தக் கூமுட்ட நம்புவான்."

அண்ணன் கை கட்டையின் மேல் இருந்தது. அவன் என் இடது கையைப் பார்த்தான். நான் அதை மறைக்கவில்லை, நீட்டினேன். அவன் கட்டையிலிருந்து கையை எடுத்துவிட்டு என் பக்கத்தில் படியில் உட்கார்ந்தான்.

ஒன்பது வருஷம் நான் தனியாகக் கேட்டதை ஒரு மணி நேரம் தெருவே உட்கார்ந்து கேட்டது. கட்டில் போயிற்று. வட்ட மேசை போயிற்று. ஊஞ்சல் பலகையை அவனால் உடைக்க முடியவில்லை, சங்கிலியைப் பிடித்து இழுத்தான். கடைசியில் தண்ணீர் கேட்டான். யாரும் எழுந்திருக்கவில்லை. அழுதான். பிறகு அதுவும் நின்றுவிட்டது.

"தொறக்கட்டுமா?" என்று அண்ணன் என்னைக் கேட்டான். என்னிடம் அவன் உத்தரவு கேட்டது அதுதான் முதல் தடவை.

"கட்டைய நான் எடுக்கறேன்" என்றேன்.

எடுத்தேன். கதவு வெளியே திறந்தது. அவன் கண்ணாடி வெட்டின ரத்தக் கையோடு நின்றான். என்னைப் பார்த்ததும் பழக்கத்தில் கை ஓங்கினான். பின்னால் தெரு முழுக்க நிற்பதை அவன் பார்ப்பதற்குள் நான் கட்டையை வீசிவிட்டேன். அவன் முழங்கைக்குக் கீழே அடி விழுந்தது. சாய்வு நாற்காலியின் கால் முறிந்த சத்தத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அவன் படியில் உட்கார்ந்து வாயைத் திறந்தான். சத்தம் கொஞ்ச நேரம் கழித்துத்தான் வந்தது.

அண்ணன்தான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். அங்கே எப்படி அடிபட்டது என்று கேட்டார்கள். அண்ணன் சொன்னானாம், "கிணத்துப் படியில வழுக்கி வுழுந்துட்டாரு." அவன் மறுத்துப் பேசவில்லை. அண்ணன் பக்கத்திலேயே நின்றிருக்கிறான்.

அதற்குப் பிறகு என்னைக் கீழ்பென்னாத்தூருக்கு அனுப்புவது பற்றி அண்ணன் வாயே திறக்கவில்லை. தீபம் வந்தது, போயிற்று. அண்ணி மட்டும், "புருஷன் கைய ஒடச்சவ" என்று இன்றைக்கும் சொல்கிறாள். உண்மைதானே, சொல்லட்டும்.

வெள்ளைக்காரம்மா, தீபத்துக்கு முந்தின அந்தத் திங்கட்கிழமை, சொன்ன நேரத்துக்கு வந்தாள். நான் பாதிதான் கூட்டியிருந்தேன். கண்ணாடிச் சில்லுகளைத் தாண்டித் தாண்டி நடந்தாள். உடைந்த அலமாரியைப் பார்த்து, "அழகா இருக்கு. அப்படியே விடு" என்றாள். அவளையும் ஒன்று போடலாமா என்று நினைத்தேன். பிறகு வாசலுக்கு வந்து கொக்கிகளைத் தொட்டுப் பார்த்தாள்.

"இது ஏன் வெளிய? யாராவது என்னை உள்ள பூட்டினா? இதை எடுத்துடு. நான் வரேன்."

அவள் கேட்டது நியாயம். தலைமேல் பூட்டு தொங்குகிற வீட்டில் எவள் தூங்குவாள்? சனிக்கிழமை காலை வரை நான் தீபத்துக்குள் ஒரு ஆளைக் குடிவைக்க எந்தக் கொக்கியையும் அறுத்துக் கொடுத்திருப்பேன்.

"எடுக்க மாட்டேன்" என்றேன்.

அவள் வேறு வீடு பார்த்துக்கொண்டாள். நான் சமையல்கட்டிலிருந்து கூடத்துக்குக் குடிவந்தேன். லாட்ஜில் கூட்டிக்கொண்டே ஒவ்வொரு சாமானாக ஒட்டினேன். கட்டிலுக்கு இரண்டு கால் தேக்கு, இரண்டு கால் வேம்பு. சாய்வு நாற்காலி சாயாது, நேராகத்தான் உட்கார வேண்டும். கொல்லரிடம் சொல்லி உள்பக்கமும் இரண்டு கொக்கி அடித்து, கதவுப் பலகைகளோடு சேர்த்து இழுத்துப் பிடிக்கிற மாதிரி ஒரு இரும்புக் கம்பி போட்டேன். அவன் வரவில்லை. வந்தாலும் பரவாயில்லை.

சில வருஷம் கழித்து குளியலறை கட்ட அதே மேஸ்திரி வந்தார். தலை நரைத்திருந்தது. வாசலில் நின்று தலையைச் சொறிந்தார்.

"அக்கா, இப்ப ஐயருங்க பரிகாரம்லாம் சொல்றாங்க. நான் செஞ்ச தப்பு. கூலி வாங்காம திருப்பி வெச்சிட்டுப் போறேன்."

"குளியலறை வேலையப் பாருங்க மேஸ்திரி."

படுத்தால் எனக்கு நேராகக் கதவின் பூவேலை தெரியும். தெருவுக்குக் காட்டுவதற்காக யாரோ செதுக்கிய இரண்டு கிளிகள். ஒன்றின் மூக்கை அவன் நாற்காலிக் காலால் அடித்து உடைத்துவிட்டான். மற்ற எல்லாவற்றையும் ஒட்டினேன். அதை மட்டும் ஒட்டவில்லை.